கட்டிலுக்கு அடியில் எருக்கு

பாக்கியவதி வீட்டில் எருக்கு முளைத்தது. வாசலில் அல்ல, பின்பக்கத்தில் அல்ல. வீட்டுக்குள்ளே, புருசன் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையின் வெடிப்பில்.

எருக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு குடம் இடித்துச் சண்டை முற்றினால், கடைசியில் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றிக் கத்துவது இதைத்தான்: "உன் வூட்டுல எருக்கு மொளைக்க!" ஆள் அற்றுப்போய், கூரை விழுந்து, சுவர் மட்டும் நிற்கிற வீட்டில்தான் எருக்கு வரும் என்று அதற்கு அர்த்தம். தங்கச் சுரங்கம் மூடிப்போன இந்தச் சாம்பியன் ரீப்ஸில் அப்படி நிற்கிற சுவருக்குப் பஞ்சமில்லை. லைன் லைனாக நிற்கிறது. ஆனால் மூச்சு விடுகிற ஒரு மனுசனுக்கு நேர் கீழே முளைத்தால் என்ன அர்த்தம்? அதை யாரிடமும் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக் கூட்டும்போது அது தட்டுப்பட்டது. ஒரு விரல் உயரம். இரண்டே இலை. வெயில் படாததால் பிறந்த எலிக்குஞ்சின் தோல் மாதிரி வெளிறிப்போய், ஜன்னல் இருக்கும் பக்கமாய்க் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. பிடுங்கினாள். சுலபமாக வந்துவிட்டது. ஒடிந்த இடத்தில் பால் பொங்கி விரலில் ஒட்டியது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். கட்டிலில் கிடந்த பர்னபாஸ் கண்ணை மட்டும் திருப்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னுமில்ல, குப்பை," என்றாள்.

அவர் கையில் இருந்த எவர்சில்வர் ஸ்பூனால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். டங்.

பாக்கியவதிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பா காலை ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கினார். பூமி ஒரு குலுக்குக் குலுக்கியது. அடியில் பாறை வெடித்தது என்றார்கள். அப்பா ஏறி வரவில்லை. பெட்டியில் வைத்துப் புதைக்கவும் ஒன்றும் வரவில்லை. ஆகவே அவளுக்கு அப்பா செத்துப்போனவர் அல்ல, கீழே இருக்கிறவர். இருபத்திரண்டு வயதில் பர்னபாஸைக் கட்டிக்கொண்டாள். அவர் சுரங்கத்துக்குள் போகிறவர் இல்லை, மேலேயே நின்று வேலை செய்கிறவர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவள் அம்மா சம்மதித்தாள்.

அவர் வேலை மணி அடிக்கிற வேலை. ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டைக் கேஜ் என்பார்கள். அந்தக் கேஜ் வாசலில் நின்று, ஆளை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, மணியை அடிப்பார். தூரத்தில் வேறு கட்டிடத்தில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த மணிதான் கண், அந்த மணிதான் காது. அவன் கேஜையும் பார்க்க முடியாது, ஆளையும் பார்க்க முடியாது. மணியில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகும்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். மகள் லவினாவுக்கு அப்போது எட்டு வயது. பர்னபாஸ் பங்காருபேட்டையில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். பாக்கியவதி பெங்களூர் ரயிலில் ஏறினாள், ஒரு ஆபீசில் கூட்டிப் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு. மாரிகுப்பத்தில் புறப்படும்போதே சீட்டெல்லாம் துண்டும் டிபன் பையுமாக நிரம்பிவிடும். சாம்பியனில் ஏறுகிறவர்களுக்கு நிற்கிற இடம்தான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பத்தொன்பது வருசம் நின்றாள். "நிக்கிறதுக்குன்னே என்னெப் பெத்துப் போட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். கொரோனா வந்து அந்த வேலை நின்றது. அதற்குப்பின் மூன்று வருசத்தில் பர்னபாஸ் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போனது. பேச்சும் போனது. இடது பக்கமும் தளர்ந்து, அந்தக் கையில் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சம்.

அந்த மிச்சத்தில்தான் அவர் ஸ்பூனைப் பிடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம் கட்டில் கம்பியில் தட்டினார். டங், டங். அவளுக்கு உடனே புரிந்தது. இரண்டு அடித்தால் இறக்கு. தலையணையை உருவிவிட்டுப் படுக்கவைத்தாள். மனுசன் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கணக்கை அவள் சுரங்கத்தில் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கற்றுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அவள் சோறு போடப் போட அவர் வாயைத் திறந்து போதும் என்று சொல்ல மாட்டார். விரல் முட்டியால் தட்டில் ஒரு தட்டு. கரண்டி அந்தரத்தில் நிற்கும். "ஒன்னுன்னா நில்லு" என்பார். தொட்டிலில் பிள்ளை தூங்கிவிட்டால் இரண்டு தட்டு: மெதுவாய் இறக்கு. வீட்டுக்கு யாரையாவது கூட்டி வந்தால் கதவில் மூன்று தட்டு: ஆள் இருக்கிறது, அரிசி கூடப் போடு. முப்பத்தைந்து வருசத்துக் குடித்தனத்தில் அவளுக்கு இந்த மூன்று போதுமாக இருந்தது. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரியில் தண்ணீர்க் குடம் தூக்கியபோது அவள் இடுப்பில் ஏதோ சடக்கென்றது. அதற்குப்பின் அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலையணையை இரண்டாய் மடித்துத் தலைக்குக் கொடுத்தால் போதாதா என்று அவள் அவரைப் படுக்கவைத்தபடிக்கே கஞ்சி ஊட்டினாள். பாதி உள்ளே போகும், பாதி இருமலாக வெளியே வரும். சில நாள் மூக்கில் ஏறி முகமே நீலமாகிவிடும்.

அப்போதுதான் அந்த ஒற்றைத் தட்டு ஆரம்பித்தது. கஞ்சியோடு பக்கத்தில் வந்து நின்றால் டங். மாத்திரையை எடுத்து வந்து நின்றால் டங். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டங்.

நிறுத்து.

முதலில் அவள் கோபித்துக்கொண்டாள். "இன்னா நிறுத்து? நான் இன்னா லாரியா ஓட்டறேன்?" என்று அதட்டி ஊட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. பிப்ரவரி முழுக்க இப்படி. மார்ச்சில் அவள் கரண்டியைக் குறைத்தாள். ஒரு டம்ளர் அரை டம்ளர் ஆனது. அவர் வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்ய? அப்படிச் சொல்லிக்கொண்டபோது நெஞ்சின் மூலையில் எங்கோ கொஞ்சம் காற்று வாங்கினது போல இருந்தது. அந்தக் காற்றை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

எருக்கு இரண்டாம் தடவை வந்தது. போன தடவையைவிடத் தண்டு தடிமன். பிடுங்கி, வெடிப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் தடவை நாலு இலையோடு வந்தது. கல் உப்பைக் கொட்டி மேலே செங்கல்லை வைத்தாள். எட்டாம் நாள் செங்கல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. சாய்ந்த இடுக்கில் அந்த வெளிறின இலை நாக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

இதெல்லாம் நடந்தது பகலில். அதுவும் உச்சி வெயிலில். இந்தப் பக்கத்தில் பகல் பன்னிரண்டுக்கு மேல் தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. பெங்களூர் போனவர்கள் போய்விட்டிருப்பார்கள். தங்கம் எடுத்தபின் கொட்டின கழிவு மண், அந்தச் சயனைட் மேட்டிலிருந்து காற்று வெள்ளைப் பொடியை அள்ளிக்கொண்டு வந்து வாசற்படி, துணிக்கொடி, இலை எல்லாவற்றின் மேலும் தூவும். சத்தம் என்று ஒன்று இருந்தால் அது தகரம் வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம்தான்.

அப்படி ஒரு மத்தியானம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டங் என்றது.

"வரேன், வரேன். அதுக்குள்ள இன்னா அவசரம்."

டங்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கழுவிய பாத்திரத்தோடு ஸ்பூன் அவள் காலடியில் கிடந்தது.

உள்ளே போய்ப் பார்த்தாள். பர்னபாஸின் கை வெறுங்கையாய்ப் போர்வைமேல் கிடந்தது. அவர் விழித்திருந்தார். அவர் பார்வை தரைக்குப் போயிருந்தது. அவளும் பார்த்தாள். மூன்றாவதாய்ச் சத்தம் வந்தது. கட்டிலிலிருந்து அல்ல. கட்டிலுக்குக் கீழே, செங்கல்லுக்கும் கீழே, ரொம்பத் தூரத்துக்குக் கீழே. இரும்பில் இரும்பு படுகிற ஒற்றைச் சத்தம்.

குனிய முடியாத இடுப்போடு குப்புறப் படுத்து வெடிப்பில் காதை வைத்தாள். காதில் குளிர்ந்த காற்று பட்டது. வெளியே நெருப்பாய் வெயில் அடிக்கிறது; உள்ளேயிருந்து வருகிற காற்றோ கிணற்றுக் காற்று மாதிரி சில்லென்று இருக்கிறது. அதில் ஒரு வாசனை இருந்தது. ஈரக் கல், வெடிமருந்து, கொஞ்சம் எண்ணெய். அப்பா ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் வீடெல்லாம் நிறைகிற வாசனை. நாற்பத்தாறு வருசமாய் அவள் முகராத வாசனை. முகத்துக்குப் பக்கத்தில் எருக்கிலை காற்றே இல்லாத வீட்டில் லேசாய் அசைந்துகொண்டிருந்தது.

மூடின சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அடைபட்ட காற்று வழி தேடுகிறது, பழைய இரும்பு ஒன்றோடு ஒன்று மோதுகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். அவள் கேட்டது ஒரு மணி. ஒரு மணி என்றால் நிறுத்து. மேலே இருக்கிற புருசனும் அதையே சொல்கிறார், கீழே இருக்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள். நடுவில் நிற்கிறவள் இவள் ஒருத்தி.

குருத்தோலை ஞாயிறு அன்று கண்மணியை வீட்டில் உட்காரவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். கண்மணி எதிர் வீட்டுக்காரி. புத்தர் படத்துக்குப் பூ வைக்கிற குடும்பம். ஆனாலும் பாக்கியவதிக்கு ஒன்றென்றால் முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். கோயிலுக்குப் போகிற குறுக்குப் பாதை முழுக்க நெருஞ்சி. செருப்பின் அடியில் முள் குத்திக்குத்தி நிற்கவேண்டியிருந்தது. மழை பார்த்து நாலு மாசம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தச் சனியன் மண்ணோடு மண்ணாய்ப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, எல்லாப் பூவும் ஒரே பக்கமாய் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சுவர் ஓரத்தில் தும்பை. சயனைட் மேட்டுச் சரிவில், ஒரு புல்லும் வராத அந்த வெள்ளை மண்ணில், அங்கொன்றும் இங்கொன்றுமாய் எருக்கு.

"உங்களுக்கெல்லாம் யார்றா கஞ்சி ஊத்தறது?" என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் விட்டுப் போனபின்னும் கடைசிவரைக்கும் நிற்கிறவனைக் கர்த்தர் கைவிட மாட்டார் என்றார். நில்லுங்கள், நில்லுங்கள் என்று நாலைந்து தடவை சொன்னார். பாக்கியவதி கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டவரே, நான் நின்னது போதாதா என்று கேட்டாள். பத்தொன்பது வருசம் ரயில்ல நின்னேன். ரெண்டு வருசமா கட்டிலாண்ட நிக்கிறேன். அந்த மனுசனே நிறுத்துன்னு சொல்றாரு. நீ இன்னா சொல்றே? ஒன்னு சொல்லு.

புதன்கிழமை லவினாவுக்குப் போன் போட்டாள். மகள் பெங்களூரில் புருசன் வீட்டில் இருக்கிறாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அப்பா சாப்பாடு வாணாங்கறாருடி. மூணு மாசமா சொல்றாரு."

"அப்பாவே சொல்றாரா? நிஜமாவா?"

"ஒன்னு அடிக்கிறாரு. ஒன்னுன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

"அவர் உடம்பும்மா. அவர் இன்னா கேக்கறாரோ அதைச் செய். சண்டேக்கு நான் வந்துடறேன். ஈஸ்டர் இல்ல?" என்றாள் லவினா. அழுதுகொண்டே சொன்னாள்.

தடுக்க ஆள் இல்லை. பெரிய வியாழன் காலையில் நாலு ஸ்பூன் கஞ்சி கொடுத்தாள். அவர் கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து வெறும் தண்ணீர்தான் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். அதை அவரிடம் சொல்லவும் சொன்னாள். "நாளைலேர்ந்து உன்னெத் தொந்தரவு பண்ணமாட்டேன்." அவர் கண் அகலத் திறந்து அவளைப் பார்த்தது. ஸ்பூன் கம்பியில் டங், டங், டங் என்று பட்டது. மூன்றா, ஒன்று ஒன்று ஒன்றா என்று அவள் எண்ணவில்லை. வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம், ஞாயிறு உட்கார்ந்திருந்தபோதே எருக்கைப் பார்த்துவிட்ட கண்மணி தன் புருசன் ராமசாமியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் தோளில் கடப்பாரை.

"யக்கா, அந்த எருக்கை வேரோட பேத்துப் போட்டாத்தான் நம்ம மனசு ஆறும். ஊட்டுக்குள்ள எருக்கை வெச்சிக்கினு இன்னா பண்றது? இவரைக் கூட்டியாறதுக்குள்ள என் உசுரு பூடுச்சி."

"சும்னே இருடி. எனக்கு எருக்கும் ஒன்னுதான், அரசமரமும் ஒன்னுதான்," என்றார் ராமசாமி. "சிமெண்டு பேந்துச்சின்னா என்னெத் திட்டக் கூடாது தங்கச்சி, சொல்லிட்டேன்."

அவருக்கு எழுபது வயது. இரண்டு வருசத்தில் அவர் இந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தெருவில் பாக்கியவதியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். அவர்தான் சுரங்கத்தில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பதினாறு வருசம் பர்னபாஸின் மணிக்கு ஏற்றியும் இறக்கியும் கைகாய்த்தவர். வேலை நேரத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே இல்லை, மணியிலேயே சிநேகிதம். அப்பேர்ப்பட்ட மணிக்காரனைக் கட்டையாய்க் கிடக்கப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. இப்போதும் அவர் கட்டில்பக்கம் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். பெண்கள் இரண்டு பேரும் கட்டிலைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். ராமசாமி செங்கல்லைத் தள்ளிவிட்டு, காலை அகட்டி நின்று, கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினார்.

டங்.

கடப்பாரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. ராமசாமி நிறுத்தவில்லை, அவர் கை நிறுத்தியது. பதினாறு வருசத்துக் கை. குனிந்தபடிக்கே அசையாமல் நின்றார்.

எல்லாம் நின்றிருந்தது.

டங்.

ராமசாமியின் இடது கை தானாக முன்னால் போய், அங்கே இல்லாத எஞ்சின் பிடியைப் பிடித்து இழுத்தது. இழுத்தபின்தான் அவருக்கே தெரிந்தது. கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு வருசத்தில் முதல்முறையாய்ப் பர்னபாஸின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, மனுசன் ஏத்தச் சொல்றான், நீ பாத்துக்கினு நிக்கிறே?"

"ஏத்தறதா? ஒன்னுதானே அடிச்சாரு. ஒன்னுன்னா நிறுத்துன்னுதானே?"

"ஓடற கூண்டுக்கு ஒன்னுன்னா நில்லு. நின்னுக்கினு கீற கூண்டுக்கு ஒன்னுன்னா ஏத்து. கடப்பாரை ஓடுச்சி, ஒன்னு அடிச்சான், நிறுத்தினேன். நின்னேன், ஒன்னு அடிச்சான். அப்போ ஏத்துன்னு அர்த்தம். சுரங்கத்துல பத்து நாள் வேலை பாத்தவனுக்குக்கூடத் தெரியுமே இது."

"எனக்கு யாரும் சொல்லலியே ண்ணா," என்றாள் பாக்கியவதி. "என் கரண்டி எப்பவும் ஓடிக்கினே இருந்துச்சி."

ஜனவரியிலிருந்து அவர் கேட்டது இவ்வளவுதான். நான் நின்றுகொண்டிருக்கிறேன், என்னை மேலே தூக்கு. படுக்கவைத்து ஊட்டாதே, தொண்டை அடைக்கிறது, தூக்கி உட்காரவை. அவள் தூக்கவில்லை. கஞ்சியைக் குறைத்தாள். நாளைக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழுவறதெல்லாம் அப்புறம்," என்றார் ராமசாமி. "கண்மணி, அந்தப் பக்கம் புடி. பர்னா, நான்தான். ஏத்தறேன்டா. மெதுவா ஏத்தறேன்."

இரண்டு பேரும் கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கி, முதுகுக்கு அரிசி மூட்டையை அண்டை கொடுத்து உட்காரவைத்தார்கள். பாக்கியவதி கஞ்சியை எடுத்து வந்தாள். முதல் ஸ்பூன் போனது. இருமலில்லை. இரண்டாவது போனது. டம்ளர் முழுக்கப் போனது. கடைசி ஸ்பூன் வரும்போது அவர் கம்பியில் ஒன்று தட்டினார். இந்த ஒன்று அவளுக்குத் தெரிந்த ஒன்று. போதும். கரண்டி அந்தரத்தில் நின்றது. கண்மணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

எருக்கை அதற்குப்பின் யாரும் பேர்க்கவில்லை. ராமசாமி மட்டும் வெடிப்பை விரலால் நோண்டிப் பார்த்துவிட்டு, "இங்க வந்து பாரு" என்றார். மேலே நிற்பது ஒரு விரல் உயரம். கீழே இருந்த வேர் அவர் மணிக்கட்டுப் பருமன். உப்பு அரித்திருந்தது, வெந்நீரில் தோல் உரிந்திருந்தது. ஆனாலும் நேராய் அந்த இருட்டு வெடிப்புக்குள் இறங்கிப் போனது. எவ்வளவு ஆழத்துக்கு என்று யார் கண்டது?

அவள் பிடுங்கினதெல்லாம் இலையைத்தான். வெள்ளிக்கிழமை கோயிலில், சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தை தியானத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. அந்த வேர்தான் கண்ணுக்குள் நின்றது. வீட்டில் எருக்கு முளைத்தால் வீடு போய்விடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எல்லாம் போய்விடுகிற இடத்திலும் போகாமல் நிற்கிறது அது ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. நான் ஒன்னு சொல்லுன்னு கேட்டேன், நீ மூணு தடவை மொளைச்சுக் காட்டினே, நான் உப்பைக் கொட்டினேன் என்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாள். நில் என்பதும் எழும்பு என்பதும் ஒரே மணிதான் என்பது அவளுக்கு அந்த வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில்தான் கொஞ்சம் கொஞ்சமாய் விளங்கியது.

ஈஸ்டர் அன்று மத்தியானம் லவினா வந்திருந்தாள். கட்டில் ஜன்னலோரத்துக்குப் போயிருந்தது. எருக்கின்மேல் வெயில் விழுந்து, இலை பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. பர்னபாஸ் மகள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு கையும் பாக்கியவதியின் கைக்குள் இருந்தன. ஸ்பூன் கஞ்சிக் கிண்ணத்தில். ராமசாமி வாசற்படியில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

டங்.

லவினா முதலில் அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "ம்மா, இன்னா சத்தம் அது?"

ராமசாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவருக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் குரல் வேலை நேரத்துக் குரலாக இருந்தது.

"கீழேர்ந்து மணி வந்தா திருப்பி அடிக்கணும் தங்கச்சி. அடிக்கலன்னா, மேல ஆள் இல்லைன்னு நினைச்சிக்குவாங்க."

கூண்டு நின்றிருக்கிறது. ஒரு மணி. பாக்கியவதிக்கு இப்போது இரண்டு பாதியும் தெரியும்: ஓடினால் நில், நின்றிருந்தால் ஏற்று. புருசன் கையை மெதுவாய் மகள் மடியில் வைத்தாள். ஸ்பூனை எடுத்து நக்கித் துடைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் முட்டி போட்டாள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது, எருக்கிலை அசைந்தது, அப்பாவின் சட்டை வாசனை அடித்தது. வெடிப்பின் ஓரத்துச் சிமெண்டில் ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினாள்.

பதில் ஏதும் வரவில்லை. பிறகு எழுந்து, ஸ்பூனைக் கழுவிக்கொண்டு, மிச்சக் கஞ்சியை ஊட்ட வந்து நின்றாள்.